கடலுக்கு இங்கிலீசு தெரியாது

வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எமிலியானுஸ் லண்டனில் இருப்பான்.

படகு என்னவோ அவன் ஊரான தாழ்வுபாட்டுக்கு நேரே, கோவில் கோபுரம் விரல் உயரத்துக்குத் தெரிகிற தூரத்தில்தான் ஆடிக்கொண்டு கிடக்கும். மோட்டாரை நிறுத்தியிருப்பார்கள். வெயில் சூடேறாத, கடல் எது வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத காலை நேரம். அவன் படகின் முன்புறத்தில் சாய்ந்துகொண்டு, போனின் வயரை ஒரு காதில் மட்டும் செருகிக் கண்ணை மூடுவான். காதுக்குள் அவன் மனைவி பிரான்சிஸ்கா பேசுவாள். "விண்டோ" என்பாள். கொஞ்சம் பொறுத்து "யன்னல்" என்பாள். அவன் உதட்டைக் குவித்து "விண்டோ" என்பான். உடனே எங்கோ பனிமூட்டத்துக்குள் ஒரு சுவரும் அந்தச் சுவரில் ஒரு யன்னலும் வந்து நிற்கும். யன்னலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதற்கான சொற்கள் இன்னும் வந்து சேரவில்லை.

படகின் பின்புறத்தில் இருக்கும் மச்சான் கொன்ஸ்ரன்ரைன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பீடி பற்றவைப்பான். விடிந்தால் இவனுக்குப் பேய் பிடித்துவிடுகிறது, கோவிலில் சொல்லி மந்திரிக்கவேண்டும் என்பான். அவன் வாய் அப்படி. மனம் வேறு, வலை இழுக்கும் நேரம் வரும்வரை ஒருநாளும் அவன் எமிலியானுஸைத் தட்டி எழுப்பியதில்லை.

பிரான்சிஸ்காவும் தாழ்வுபாட்டுக்காரிதான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர்ச்சனம் படகேறியபோது பத்து வயதுப் பிள்ளையாக இராமேஸ்வரத்துக்குப் போனவள். அங்கே முகாமில் கொஞ்சக் காலம், பிறகு மாமன் ஒருவரின் புண்ணியத்தில் லண்டன். சண்டை ஓய்ந்த பிறகு, ஆவணி மடுத் திருநாளுக்கென்று வந்தாள். வந்த இடத்தில், பள்ளிக்கூடத்தில் தனக்குப் பின் வரிசை வாங்கில் இருந்த எமிலியானுஸைக் கண்டாள். அவனும் அவளைக் கண்டான். மிச்சத்தை மடு மாதா பார்த்துக்கொண்டா. நேர்த்தியை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டியவள் கலியாணத்தையும் முடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

புருஷனைத் தன்னிடம் கூப்பிட விண்ணப்பம் போடப்போன இடத்தில்தான் சிக்கல். அந்த நேரம் பார்த்து லண்டன் அரசாங்கத்துக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. வெளியிலிருந்து வருகிற புருஷனோ பெண்சாதியோ கொஞ்சமாவது இங்கிலீசு பேசிக்காட்ட வேண்டுமாம். அதற்குக் கொழும்பில் ஒரு சோதினை, அதில் தேறினால்தான் விசா. கட்டிய பெண்சாதியோடு குடும்பம் நடத்த எமிலியானுஸுக்குத் தமிழே அதிகம். அவன் ஒரு நாளில் பேசுகிற பேச்சு முழுவதையும் ஒரு சிரட்டைக்குள் போட்டு மூடலாம். அதை யார் போய் அந்த அரசாங்கத்துக்குச் சொல்வது? அவள் பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தி வந்த அன்று அவன் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். பிள்ளை பிறக்கும்போது அவள் பக்கத்தில் நிற்கவேண்டும்.

மன்னார் ரவுணில் இங்கிலீசு வகுப்புக்கு ஒருநாள் போனான். வாங்கு நிறையப் பள்ளிப் பிள்ளைகள். முழங்கால் மேசைக்குக் கீழே நுழையவில்லை. வெளியே மதில் நிழலில் படுத்திருந்த கழுதைகள் வகுப்பைவிட நிம்மதியாக இருந்ததுபோலப் பட்டது, திரும்பி வந்துவிட்டான். பிரான்சிஸ்கா கோபிக்கவில்லை. அவளுக்கு வயோதிபர் மடமொன்றில் வேலை. மத்தியானம் சாப்பிட விடுகிற நேரத்தில் தானே கூப்பிட்டுச் சொல்லித்தருவதாகச் சொன்னாள். எதிலிருந்து தொடங்குவது என்று அவன் கேட்டதற்கு அவள் யோசிக்கக்கூட இல்லை.

"நீங்கள் வந்து இருக்கப்போற வீடு இருக்குத்தானே, அதிலயிருந்து தொடங்குவம்" என்றாள்.

அவள் சொன்னதையெல்லாம் அவன் போனில் பதிந்துவைத்துக் கடலுக்குக் கொண்டுபோனான். அப்படித்தான், ஒவ்வொரு சொல்லாக, கடலின்மேல் ஒரு வீடு எழும்பியது.

முதலில் கதவு வந்தது. பிறகு மாடிப்படி. படிக்குக் கீழே சப்பாத்துக் கழற்றி வைக்கிற இடம். யன்னலுக்குக் கேற்றின் என்கிற மறைப்புச் சீலை வந்த அன்று காற்றும் கூடவே வந்து அதை அசைத்தது. தண்ணி கொதிக்கவைக்கிற கெற்றில் வந்தபோது வீட்டுக்குள் தேத்தண்ணி மணத்தது. றேடியேற்றர் என்று ஒன்று வந்தது. அறையைச் சூடாக்குகிற இரும்புப் பெட்டி என்று அவள் விளக்கினாள். மன்னார்க்காரன் ஒருவனுக்குச் சூடு உண்டாக்க ஒரு சாமான் தேவை என்பதை நம்புவது கஷ்டம். இருந்தாலும் அவள் சொன்னாளே என்பதற்காக அதை ஒரு மூலையில் நிறுத்திவைத்தான்.

கண்ணை மூடினால் அந்த வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பான். கீழே விரித்த காப்பெற் மெல்ல ஏறி இறங்கும், அடியில் கடல் அல்லவா. சிலவேளை ஒரு நண்டு கதிரைக் காலடியில் ஒதுங்கி இருக்கும். அதற்கும் அங்கே இருக்க இடமுண்டு என்று விட்டுவிடுவான். குசினியில் பிரான்சிஸ்கா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். எத்தனை சொல் படித்தும் அவள் திரும்பியதில்லை. "வலை" என்று கொன்ஸ்ரன்ரைன் குரல் கொடுத்ததும் வீடு அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடும். மறுநாள் பார்த்தால் நனையாமல் அதே இடத்தில் நிற்கும்.

சொல்லின் கருத்து ஒரு பாடு என்றால் அதன் சத்தம் இன்னொரு பாடு. மதர், வெதர் என்பதற்கெல்லாம் நாக்கைப் பல்லுக்கு நடுவில் நீட்டவேண்டும் என்றாள். சின்ன வயதில் நாக்கை நீட்டினால் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் குட்டுவா. லண்டனில் நீட்டாவிட்டால் மதிக்கமாட்டார்கள் போலிருக்கிறது. அவன் கடல் காற்றைப் பார்த்து நாக்கை நீட்டி "வெதர், வெதர்" என்று சொல்லச் சொல்ல நாக்கு நுனியில் உப்புப் படிந்தது. அந்தச் சொல் அவனுக்கு எப்போதும் உப்புக் கரித்தது. மீனைச் சொல்லும் சொல்லோ வாயில் நிற்கவேயில்லை. கீழுதட்டைப் பல்லால் தொட்டு ஊதவேண்டுமாம். அவன் "பிஸ்" என்றான். பிறந்த நாளிலிருந்து மீன் பிடிக்கிறவனுக்கு மீனைச் சொல்ல வரவில்லை என்று கொன்ஸ்ரன்ரைன் விழுந்து விழுந்து சிரித்தான். மீனுக்குக் கேட்டால் வெட்கத்தில் வலைக்குள் வராது என்றான்.

ஐலண்ட் என்ற சொல்லை அவனுக்கு நல்லாய்ப் பிடித்தது. நாலுபக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் என்று அவள் கருத்துச் சொன்னாள். அவன் எழும்பி இருந்து கரையைப் பார்த்தான். தென்னைகளும் கோபுரமும் கருவாடு காய்கிற பந்தலும் அவன் பிறந்து வளர்ந்த அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. இத்தனை வருடமாக ஐலண்டில் இருந்துகொண்டு அது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று அவனுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது.

இப்படி எல்லாச் சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவந்தன, ஒன்றைத் தவிர.

அதைச் சொல்லுமுன் அவன் தாய் அன்னப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கரையில் கடலுக்கு வெளிக்கிடுகிறவனைப் பார்த்து "எங்கே போகிறாய்" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமோ?" என்று நிறுத்திக்கொள்வார்கள். தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால் அப்படியே வீட்டுக்குத் திரும்பி, இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, வாசலிலிருந்து வலதுகாலை வைத்துப் புதிதாக வெளிக்கிடவேண்டும். அதுபோல, போகிறவனும் "போறன்" என்று சொல்லக்கூடாது. "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். போகிறேன் என்று மட்டும் சொல்லிப் போகிறவர்கள் சவக்காலைக்குப் போகிறவர்கள். அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை என்பது வேறு கதை.

அன்னப்பிள்ளையின் மூத்த மகன் சிங்கராசா ஒருநாள் அந்தச் சொல்லைச் சொன்னான். யுத்த காலம். கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்ற ஒரு அற்ப விசயத்துக்குத் தாயும் மகனும் வாய்த்தர்க்கப்பட்டார்கள். கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பியவன், "நான் போறன்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினான். திருப்பிக் கூப்பிட அவளுக்கு வாய் வந்தது. கோபம் விடவில்லை. படகு விடத்தல்தீவுப் பக்கம் ஆளில்லாமல் ஒதுங்கியது. கடலில் யார் யாரை என்ன செய்தார்கள் என்று கேட்க வழியில்லாத காலம் அது. ஊர் எத்தனையோ காரணம் சொன்னது. அன்னப்பிள்ளைக்கு ஒரே காரணம்தான், அந்தச் சொல்.

அன்றோடு அந்த வீட்டில் போவது என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. வேலிக்குள் தலையை விடுகிற கழுதையைக்கூட அவள் "போயிட்டு வா" என்றுதான் விரட்டுவாள். கழுதையும் சொல் தவறாமல் மறுநாள் வந்து நிற்கும்.

அதனால் பிரான்சிஸ்கா ஒருநாள் "ஐ ஆம் கோயிங்" என்றும் அதற்கு "நான் போறன்" என்றும் சொல்லித்தந்தபோது எமிலியானுஸ் குசினியில் நிற்கிற தாயைத் திரும்பிப் பார்த்தான். திரும்பச் சொல்லச் சொன்னாள். "ஐ கோ அண்ட் கம்" என்றான். அவள் சிரித்து, அது பிழை என்றாள். அவன் மறுபடியும் "ஐ கோ அண்ட் கம்" என்றான். நேரம் முடிந்துவிட்டது, அவள் வேலைக்குத் திரும்பினாள். அடுத்தநாள் வேறு சொற்கள் வந்தன. ஒரு சொல் குறைந்தால் வீடு இடிந்தா விழப்போகிறது என்று அவனும் இருந்துவிட்டான்.

கொழும்பில் சோதினை நடந்த அறை குளிராக இருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் இளநீலச் சேலையில் ஒரு அம்மா, நல்ல முகம். அவ பேரைக் கேட்டா, ஊரைக் கேட்டா, தொழிலைக் கேட்டா. அவன் கீழுதட்டைப் பல்லால் தொட்டு ஊதி மீனைச் சரியாகச் சொன்னான். வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னா. அவ்வளவுதான், கதவு, மாடிப்படி, யன்னல், கேற்றின், கெற்றில் என்று அவன் அவவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டாத குறை. தாழ்வுபாட்டில் இவ்வளவு வசதியான வீடா என்று அவ ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். புருவம் உயர்ந்தது. பேனை காகிதத்தில் திருப்தியாக எதையோ எழுதியது. பிறகு, இனிப் பயணத்தைப் பற்றிக் கதைப்போம் என்றதுபோல நிமிர்ந்து, புன்சிரிப்போடு கேட்டா.

"வேர் ஆர் யூ கோயிங்?"

கருத்து அவனுக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியதுதான் வினை. வாழ்நாளில் வெளிக்கிடப்போகிற ஆகத் தூரமான பயணம், அதன் வாசலில் வைத்து, முகத்துக்கு நேரே, ஒருவர் கேட்டுவிட்டார். இது சோதினை, பதிலைச் சொல் என்று மூளை சொன்னது. உடம்பு கேட்கவில்லை. "வோட்டர், பிளீஸ்" என்றான். அவ பரிவோடு ஒரு கிளாஸ் தண்ணீரைத் தள்ளிவைத்தா. ஒரு மிடறு குடித்தான். எழும்பினான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். வாசலில் நின்று சிலுவை போட்டு, வலதுகாலை வைத்து உள்ளே வந்து, "குட் மோர்னிங், மேடம்" என்றான்.

நடுவில் அறையைவிட்டு வெளியேறினால் சோதினை முடிந்தது என்பது அங்கத்தைய விதி. அவ காகிதத்தில் கோடு இழுத்துவிட்டிருந்தா. முகத்தில் மெய்யான கவலையோடு நீளமாக எதையோ சொன்னா. அவனுக்குச் "சொறி" என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது.

திரும்பி வரும் பஸ்ஸில் முருங்கன் வயல்கள் பச்சையாக ஓடின. எந்தச் சொல்லும் அவன் வாய்க்கு வரவில்லை. மறுநாள் கடலில் கண்ணை மூடினான். வீடு நின்றது, கதவு திறக்கவில்லை. யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். உள்ளே லைற் எரிந்தது. குசினியில் அவள் முதுகு தெரிந்தது. தட்டிக் கூப்பிடப் பயமாக இருந்தது.

நடந்ததை அவளிடம் மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. கிளாஸ், தண்ணீர், வாசல், வலதுகால் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஏசப்போகிறாள் என்று காத்திருந்தான்.

"நான் அதை மறந்துபோனன்" என்றாள். "எங்கட ஊர்ப் பழக்கம்தானே அது. எப்பிடி நான் மறந்தனான்?"

அழுதாள். பின்னேரம் வேலை முடிந்து வெளிக்கிடும்போது அந்த மடத்துக் கிழவர்களுக்கு "ஐ ஆம் கோயிங்" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் வருகிறாளாம், ஒருநாளும் நாக்குக் கூசவில்லையாம். அவள் ஊரை மறந்ததற்கு அழுதாளா, தோற்றுப்போன சோதினைக்கு அழுதாளா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவனுக்கும் அழுகை வந்தது.

பிள்ளை பிறந்தது. பெட்டை. அவன் மன்னார் ரவுணில் ஒரு நெற்கபேயில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து பார்த்தான். திரையில் அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தது. பின்னால் ஒரு யன்னல் தெரிந்தது. அவன் கட்டிய வீட்டில் யன்னல் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம் இருந்தது. மறுநாள் காலையே அதைக் கடலில் இடம் மாற்றி வைத்தான்.

அடுத்த சோதினைக்கு நாள் குறித்தாயிற்று. போனின் வயர் உப்புக்காற்றில் கெட்டுவிட்டதால் இப்போது பாடம் வீட்டில், சத்தமாக நடந்தது. பிரான்சிஸ்கா வேறொன்றும் சொல்லித்தரவில்லை. ஒரே வசனம்தான். "ஒருக்காச் சொல்லுங்கோ" என்பாள். அவன் வாயைத் திறப்பான், "ஐ ஆம்" என்பான், நிற்பான். அந்தப்பக்கம் பிள்ளை சிணுங்கும். "சொல்லுங்கோவன்" என்பாள். "ஐ ஆம்" என்பான். தொண்டைக்குள் அண்ணன் நின்றான்.

குசினியில் மீன் துப்பரவாக்கிக்கொண்டு அன்னப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டபடி இருந்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாதிச் சொற்கள் பாடம். அவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்லவேண்டாம். ஆனால் உண்மை இதுதான்: அந்தச் சொல் மகன் வாயில் வராதவரை அவளுக்கு ஒரு பிள்ளை மிச்சம். வரவேண்டும் என்று அவள் செபிக்கவில்லை. வரக்கூடாது என்று செபிக்கவும் அவளால் முடியவில்லை. செபமாலையை உருட்டுவாள், நடுவிலே நிறுத்திவிடுவாள். கழுதை வந்து வேலிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, யாரும் விரட்டாததால் தானாகவே திரும்பிப்போனது.

ஒரு பின்னேரம் பிரான்சிஸ்கா பிள்ளையைப் போனுக்குக் கிட்டப் பிடித்தாள். பிள்ளை ஏதோ சத்தம் போட்டது. அது தமிழுமில்லை, இங்கிலீசுமில்லை. எமிலியானுஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்னப்பிள்ளை மீன்கத்தியை வைத்தாள், கையைக் கழுவினாள், சேலைத் தலைப்பில் துடைத்தாள். "வா மோனை கரைக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பொழுது இறங்குகிற நேரம். காய்ந்த மீனைப் பந்தலிலிருந்து எடுத்துக்கொண்டு சனங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கடல் மஞ்சளாக, அலையே இல்லாமல், நித்திரைகொள்கிற பிள்ளையைப்போல மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அன்னப்பிள்ளை கணுக்கால் நனையத் தண்ணீருக்குள் இறங்கினாள். சிங்கராசா போன நாளிலிருந்து அவள் கடலில் கால் வைத்ததில்லை; கரையோடு நிற்பாள், அவ்வளவுதான். எமிலியானுஸ் மறிக்கப்போனான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கடலைப் பார்த்து, வெற்றிலைக் காவி படிந்த வாயால், ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகச் சொன்னாள்.

"கோயிங்."

பொறுத்துப் பார்த்தாள். திரும்பவும் சொன்னாள், இந்த முறை உரத்து. ஒரு சின்ன அலை வந்து அவள் சேலைக்கரையை நனைத்துவிட்டுத் திரும்பியது. வேறொன்றும் நடக்கவில்லை. தூரத்தில் ஒரு படகு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது, அது பாட்டுக்கு வந்தது.

"பாத்தியே" என்றாள். "கடலுக்கு இங்கிலீசு தெரியாது, மோனை. நீ பயப்பிடாமல் சொல்லு."

அவன் அவளுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றான். நாக்குத் தடித்திருந்தது. "ஐ ஆம் கோயிங்" என்றான். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு சத்தமும் வந்தது. தாய் தலையை ஆட்டினாள், சரி என்பதுபோல. அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்கவிடாமல் அவள் விடத்தல்தீவுப் பக்கம் திரும்பி நின்றாள்.

இரண்டாம் முறை சோதினை வைத்தது ஒரு இளந்தாரிப் பொடியன். காற்சட்டை மடிப்பும் ஆளும் விறைப்பு. அதே கேள்வியைச் சிரிக்காமல் கேட்டான். எமிலியானுஸின் கை தண்ணீர்க் கிளாஸ்வரை போனது. போய், தொடாமல் திரும்பிவந்தது.

"ஐ ஆம் கோயிங் ரு மை வைஃப்" என்றான். இன்னும் வாயில் மிச்சம் இருந்தது. "ஐ ஆம் கோயிங் ரு மை டோட்டர்."

எங்கே என்பதுதான் கேள்வி, யாரிடம் என்பதல்ல. இருந்தாலும் பொடியன் பேனையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான். விறைப்புக் கொஞ்சம் தளர்ந்தது. "இஸ் இற் ஃபார்?" என்று கேட்டான். தூரமோ என்று அர்த்தம். கொழும்பில், குளிர் அறைக்குள், சப்பாத்துப் போட்ட ஒரு பொடியன், எங்கள் கரைச் சனம் கேட்கிற மாதிரியே, கேட்கவேண்டியபடி கேட்டான். எமிலியானுஸுக்கு அந்தரமான ஒரு நிம்மதி வந்தது.

"யெஸ்" என்றான். "ஃபார்."

தேறிவிட்டான். அன்று இரவு கனவில் கதவு திறந்தது என்றும் பிரான்சிஸ்கா திரும்பிப் பார்த்தாள் என்றும் பிறகு கொன்ஸ்ரன்ரைனிடம் சொன்னான். முகம் எப்படி இருந்தது என்று மச்சான் கேட்டான். களைத்துப்போய் இருந்தது என்றான்.

விசா வந்து, பயண நாளும் வந்தது. விமான நிலையத்துக்குப் போகிற வான் விடியலிலேயே வாசலில் நின்றது. அயலட்டை முழுக்கக் கூடிவிட்டது. லண்டனுக்குப் போகிறவனைப் பார்த்து ஒவ்வொருவரும் "தூரமோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் பீடி பற்றவைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்கே போய் மீனை ஒழுங்காகச் சொல், ஊர் மானத்தைக் காப்பாற்று என்றான். எமிலியானுஸ் எல்லாரிடமும் "போயிட்டு வாறன்" என்றான். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஊருக்குத் தெரியும்.

தாய்க்கு முன்னால் முழங்காலில் நின்றான். அன்னப்பிள்ளை அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்தாள். அவள் அழவில்லை. அழுதால் சகுனம் சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரிகளைக்கூட அதட்டி வைத்திருந்தாள். அவன் வானில் ஏறினான். கதவு சாத்தியது. சாரதி திறப்பைத் திருகினான்.

அப்போது அன்னப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வானுக்குக் கிட்ட வந்தாள். யன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கினான். தன் வாழ்நாளில் யாரையும் கேட்டிராத கேள்வியை, தெளிவான தமிழில், ஊரே கேட்க, அவள் கேட்டாள்.

"எங்கை மோனை போறாய்?"

கொன்ஸ்ரன்ரைனின் வாயிலிருந்து பீடி விழுந்தது. கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். எமிலியானுஸ் தாயின் கண்ணைப் பார்த்தான். அதில் பிசகு எதுவும் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

அவன் வானின் கதவைத் திறந்து இறங்கினான். வீட்டுக்குள் போனான். கதிரையில் இருந்தான். வழக்கத்துக்கு ஒரு மிடறு போதும். அன்னப்பிள்ளை செம்பு நிறையக் கொண்டுவந்தாள்.

வெளியே வான் கோர்ன் அடித்தது. அவன் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். அவள் எதிரே நிலத்தில் இருந்து அவனையே பார்த்தாள். கோர்ன் இரண்டாம் முறை அடித்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் செம்பை நீட்டினான். அவள் வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கொண்டுவரட்டோ என்று கேட்டாள்.